குமுளி குடோன் சர்வர்: எஃப்எஸ்செக் கேட்ட கேள்விகளும் கொடுத்த பதில்களும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

குமுளியில் ஒரு ஏலக்காய் வியாபாரக் கம்பெனி. குடும்பம் கம்பத்தைச் சேர்ந்தது. காய் இடுக்கித் தோட்டங்களில் இருந்து வருகிறது, குடோனில் சல்லடை போட்டுத் தரம் பிரித்து, லாட் கட்டி, புத்தடிக்கும் போடிநாயக்கனூருக்கும் ஏலத்துக்குப் போகிறது. வாங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் எடைச்சீட்டு உண்டு. தோட்டக்காரரும் கம்பெனி ஆளும் கையெழுத்துப் போட்ட சீட்டை ஸ்கேன் செய்து, தேதியையும் லாட் எண்ணையும் பெயராக வைத்து, ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுவார்கள். பின்னால் பணத்தில் தகராறு வந்தால் பார்ப்பது அந்த ஃபோல்டரைத்தான்.

சர்வர் என்று அவர்கள் சொல்வது ஒரு பழைய டெஸ்க்டாப். உபுண்டு (லினக்ஸ்), 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதில் எக்ஸ்ட்4 என்ற ஃபைல்சிஸ்டம் (ஃபைல்களைப் பற்றிக் கணக்கு வைக்கும் முறை) போட்ட ஒரே பெரிய பார்ட்டிஷன் (டிஸ்கின் பிரிவு), சாம்பா என்ற மென்பொருள் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஷேர். பேக்கப் என்பது யாருக்காவது ஞாபகம் வரும்போது பென்டிரைவில் எடுக்கும் நகல். கடைசியாக எடுத்தது ஓணத்துக்கு முன்னால். சம்பவம் நடந்தது ஐப்பசியில், அறுவடை மும்முரத்தில். ஐப்பசி என்றால் மலையில் சாயங்காலம் இடியும் மின்னலும் வராத நாள் குறைவு, கரண்ட் போய்ப் போய் வரும். யுபிஎஸ் இருந்தது, ஆனால் பேட்டரி வயதாகி ஒரு நிமிடம்கூடத் தாங்காத நிலை. நாங்கள் கம்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறோம், இந்த குடோனும் எங்கள் பொறுப்பில் வருகிறது. டிஸ்க் கெட்ட அன்று, ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்செக் என்ற லினக்ஸ் கருவி கேட்டவையும் கொடுத்த பதில்களும்தான் இது.

முன்னாலேயே தெரிந்த அறிகுறிகள்

சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன்பே எடைச்சீட்டு ஃபோல்டர் திறக்க நேரம் எடுத்திருக்கிறது. ஒரு நாள் ஷேரில் எதையும் சேமிக்க முடியவில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது, அதனால் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பிறகு லாக்கைப் பார்த்தபோது அந்த நாளில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எக்ஸ்ட்4 பிழை ஒன்றைப் பதிவு செய்து, பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றியிருந்தது தெரிந்தது. உபுண்டு நிறுவும்போதே ரூட் பார்ட்டிஷனுக்கு (சிஸ்டமே இருக்கும் பிரிவு) அந்த அமைப்பு வந்துவிடுகிறது: பிழை கண்டால் எழுதுவதை நிறுத்து. அதாவது சேமிக்க முடியாமல் போனது கோளாறு இல்லை, பாதுகாப்பு. ஆனால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது வெறும் "அனுமதி இல்லை" என்றுதான் தெரியும்.

அன்று மாலை திரையில் வந்தவை

கரண்ட் போய் வந்தபின் மெஷின், பூட் முடியாமல் கட்டளைக்குக் காத்திருக்கும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கருப்புத் திரையில் நின்றுவிட்டது. மேலே, "அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்செக் மேனுவலி" (எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்செக்கைக் கையால் ஓட்டு) என்று பெரிய எழுத்தில். குடோனில் இருந்த இளைஞர் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு போன் போட, அவர் எஃப்எஸ்செக் கட்டளையைச் சொல்லி, எல்லாவற்றுக்கும் ஒய் (ஆம்) என்று பதில் போடும் ஸ்விட்சையும் (கட்டளையோடு போடும் குறி) சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, டிஸ்கின் பெயரை மட்டும் சொல்லி, பார்ட்டிஷன் எண்ணைச் சொல்ல மறந்துவிட்டார்.

எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த முதல் படம் அதன் விளைவு. ட்யூப்லைட் வெளிச்சம் திரையில் குறுக்கே அடித்திருந்தாலும் படிக்க முடிந்தது. சூப்பர்பிளாக்கில் (ஃபைல்சிஸ்டத்தின் தலைப்பு விவரம்) மேஜிக் நம்பர் (அடையாள எண்) தவறு, இது சரியான எக்ஸ்ட்4 ஆகத் தெரியவில்லை, மாற்று சூப்பர்பிளாக் 8193 அல்லது 32768 கொடுத்துப் பாருங்கள் என்று நீளமாக ஒரு பத்தி. படித்தவருக்கு டிஸ்க்கே போய்விட்டது என்று தோன்றும். அந்தப் பத்திக்கு அடியில், கடைசி வரியாக, இந்த டிஸ்கில் ஜிபிடி பார்ட்டிஷன் டேபிள் (பிரிவுகளின் பட்டியல்) இருக்கிறது என்று ஒரு சின்னக் குறிப்பு. விஷயமே அதுதான். பார்ட்டிஷனைக் காட்டச் சொன்னால் முழு டிஸ்கைக் காட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். இந்த ஒரு வரியை மேலே வைத்திருந்தால் எத்தனையோ பேர் 32768 போட்டுப் பார்த்துக் குழம்பாமல் இருப்பார்கள்.

அதற்குள் குடோன் இளைஞரே அந்தப் பெரிய பார்ட்டிஷனின் எண்ணான இரண்டைச் சேர்த்துக் கொடுத்து, இந்த முறை ஒய் ஸ்விட்ச் இல்லாமல் ஓட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் கையால் ஒய் அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். முதல் சில கேள்விகள் சாதாரணம்: அழிக்கப்பட்ட ஐநோடில் (ஒரு ஃபைலின் விவரமும் அதன் டேட்டா இருக்கும் இடமும் எழுதிய பதிவு) அழித்த நேரம் பூஜ்யமாக இருக்கிறது, இன்னொன்றில் பிளாக் (டிஸ்க் இடத்தைப் பிரித்த ஒரு துண்டு) எண்ணிக்கை பொருந்தவில்லை. அப்புறம் இரண்டாவது படம் வந்தது. "எர்ரர் ரீடிங் பிளாக்", பக்கத்தில் "இன்புட் அவுட்புட் எர்ரர்", கடைசியில் "இக்னோர் எர்ரர்?" கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணே, இதுக்கும் ஒய் போட்டுடவா?"

நிறுத்தியது ஏன்

"வேண்டாம் தம்பி. எதையும் அழுத்தாதீங்க. பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சுடுங்க" என்று சொன்னோம்.

அதுவரை வந்த கேள்விகள் எல்லாம் ஃபைல்சிஸ்டத்தின் கணக்கு வழக்கைப் பற்றியவை. இது டிஸ்கைப் பற்றியது: ஒரு இடத்தைப் படிக்கவே முடியவில்லை. திரையில் இரண்டும் ஒரே எழுத்து, ஒரே தொனி, கடைசியில் அதே கேள்விக்குறி, அதே ஒய். இதற்கு ஒய் போட்டால் அடுத்து "ஃபோர்ஸ் ரீரைட்?" என்று கேட்கும். அதற்கும் பழக்கத்தில் ஒய் போட்டால் படிக்க முடியாத இடத்தின் மேல் எழுதிவிடும், தேவைப்பட்டால் டிஸ்க் அந்த செக்டரை (டிஸ்கின் மிகச் சிறிய துண்டு) ஒதுக்கிவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு திறமை இருந்தாலும் பழைய உள்ளடக்கத்தைத் தேட இடம் இருக்காது.

எஃப்எஸ்செக் பாதியில் இருக்கும்போது பவரை அணைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்டுக் காத்திருக்கும் நிலையில் அது எழுதிக்கொண்டு இல்லை, அதுவரை மாற்றியதும் சில்லறை விஷயங்கள். சாகப்போகும் டிஸ்க் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதுதான் பெரிய அபாயம் என்று நினைத்தோம்.

முதலாளிக்கு மறுநாள் ஏலம். காலைக்குள் ஓடவேண்டும் என்றார், நியாயம்தான். மறுநாள் லாட்டுக்கான சீட்டுகள் தாளாகக் கையில் இருந்ததால் ஒரு லேப்டாப்பில் பில் போட ஏற்பாடு செய்துவிட்டு, சர்வரைக் கழற்றிக் கொண்டுவந்தோம்.

முதலில் நகல்

லைவ் யுஎஸ்பியில் (பென்டிரைவில் இருந்தே ஓடும் லினக்ஸ்) ஏற்றி ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைக்கும் பதிவு) பார்த்தால், 197ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், பூஜ்யம் இல்லை. அதோடு போதும் என்று நிறுத்தினோம். நீளமான சுயசோதனையை ஓட்டி அந்த டிஸ்கை மேலும் உழைக்க வைப்பதில் அர்த்தம் இல்லை. புதிய டிஸ்க் ஒன்றுக்கு டிடிரெஸ்கியூ என்ற மீட்புக் கருவி வைத்து முழு நகல் எடுத்தோம். முதலில் சுலபமாகப் படிக்கிற இடங்கள், பிறகு மோசமான இடங்களில் திரும்பத் திரும்ப முயற்சி. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை அது மேப் ஃபைலில் எழுதிவைக்கும். முடிவில் படிக்கவே முடியாமல் நின்ற சில இடங்கள் நகலில் பூஜ்யங்களாக இருந்தன. மொத்த அளவு மிகச் சிறியது, ஆனால் எங்கே என்பதுதான் கேள்வி. அந்த நகலை இன்னொரு நகல் எடுத்து, முதலாவதைத் தொடாமல் வைத்தோம். இனி எல்லா வேலையும் இரண்டாவதில்.

செய்திகளைப் பிரித்தது

எக்ஸ்ட்4க்கான எஃப்எஸ்செக்கான இ2எஃப்எஸ்செக்கை -n என்ற ஸ்விட்சோடு ஓட்டினோம். எல்லாக் கேள்விக்கும் தானே இல்லை என்று சொல்லிக்கொண்டு போகும், எதையும் எழுதாது. வெளியீட்டை ஒரு ஃபைலில் பிடித்தோம். நூற்றுக்கணக்கான வரிகள். ஒன்று கவனிக்க வேண்டும்: எதையும் சரிசெய்யாமல் போவதால், முதல் சுற்றில் கண்ட கோளாறின் விளைவுகளையே பின் சுற்றுகளும் வேறு வேறு வார்த்தைகளில் சொல்லும். வரி எண்ணிக்கையை வைத்துச் சேதத்தை அளக்கக்கூடாது.

கருவி ஐந்து சுற்றாக வேலை செய்கிறது. முதலில் ஐநோடுகள், இரண்டாவதில் டைரக்டரிகளின் (ஃபோல்டர்களின்) உள்ளடக்கம், மூன்றாவதில் டைரக்டரிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா, நான்காவதில் லிங்க் எண்ணிக்கை (ஒரு ஐநோடை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன), ஐந்தாவதில் எது காலி எது நிரம்பியது என்ற பிட்மேப் கணக்கு. லாக்கைச் சல்லடையில் போட்ட மாதிரி வகைவாரியாகப் பிரித்தோம்: எண்களை எடுத்துவிட்டு ஒரே மாதிரி வரிகளை எண்ணினால் மொத்தம் கைவிரல் அளவுக்குத்தான் வகைகள் தேறின.

முதல் வகை: டைரக்டரி பிளாக் ஒன்று கெட்டிருக்கிறது, "சால்வேஜ்?" (மீட்கவா?) என்ற ஒரே ஒரு வரி. டீபக்எஃப்எஸ் என்ற கருவி வைத்து அந்த ஐநோடின் பெயரைக் கேட்டால் எடைச்சீட்டு ஃபோல்டர்.

இரண்டாம் வகை: நான்காம் சுற்றில் "அன்அட்டாச்டு ஐநோடு, கனெக்ட் டு லாஸ்ட் பவுண்ட்?" (எந்தப் பெயரும் சுட்டாத ஐநோடு, லாஸ்ட் பவுண்ட் என்ற மீட்பு ஃபோல்டரில் சேர்க்கவா?) என்று வரிசையாக, ஏறத்தாழ நூறு. பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கியது இதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால்: டைரக்டரி பிளாக் 4096 பைட். ஒரு பெயருக்கு 8 பைட் தலைப்பும், பெயரின் எழுத்துகளும், 4இன் மடங்காக. அவர்கள் வைக்கிற நீளத்தில் பெயர்கள் ஒரு பிளாக்குக்குச் சுமார் நூறு அடங்கும். ஆக இந்த நூறு வரியும் முதல் வகையின் ஒற்றை வரியும் ஒரே காயம். ஃபைல்கள் முழுசாக இருக்கின்றன, பெயர் எழுதியிருந்த தாள் மட்டும் கிழிந்துவிட்டது.

மூன்றாம் வகைதான் எங்களை உட்கார வைத்தது. இரண்டாம் சுற்றில், "இந்தப் பெயர் சுட்டும் ஐநோடு அழிக்கப்பட்டது அல்லது பயன்பாட்டில் இல்லை, க்ளியர்?" என்று 16 வரிகள். ஐநோடு எண்களைப் பார்த்தால் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து. எக்ஸ்ட்4இல் வழக்கமான ஐநோடு 256 பைட். 4096ஐ 256ஆல் வகுத்தால் 16. ஐநோடு டேபிளில் ஒரு பிளாக் போய்விட்டது என்பது எண்ணிலேயே எழுதியிருந்தது. மேப் ஃபைலில் இருந்த மோசமான இடத்தைப் பிளாக் எண்ணாக மாற்றி, டம்ப்இ2எஃப்எஸ் என்ற கருவி காட்டும் டேபிள் எல்லையோடு ஒப்பிட்டோம், பொருந்தியது. இந்த 16 ஃபைல்களின் நிலை முந்திய நூறுக்கு நேர் எதிர்: பெயர் இருக்கிறது, ஃபைல் இல்லை. ஒய் போட்டால் பெயரும் போகும். எல்லாவற்றுக்கும் ஒய் என்று ஓட்டியிருந்தால் என்ன தொலைந்தது என்பதற்கான ஒரே பட்டியல் திரையில் மேலே ஓடி மறைந்திருக்கும். எனவே அந்த 16 பெயர்களை முதலில் தாளில் எழுதினோம்.

நான்காம் வகை, ஐந்தாம் சுற்றின் பிட்மேப் வேறுபாடுகள். கண்ணை மூடிக்கொண்டு ஒய் போடலாம் என்று எல்லோரும் சொல்வது இதற்குத்தான், பொதுவாக அது சரியும்கூட. ஆனால் அந்த வரியில் மைனஸ் குறி போட்டு வரும் எண்கள் என்ன? பிட்மேப்பில் நிரம்பியது என்று குறித்திருக்கிறது, சோதித்ததில் எந்த ஐநோடும் சொந்தம் கொண்டாடவில்லை என்று பொருள். எங்களோடு இருந்த தம்பி ஒருவர்தான் கேட்டார்: "அந்த 16 ஃபைலோட டேட்டா எங்க போயிருக்கும்?" அதேதான். ஐநோடு போனாலும் டேட்டா பிளாக்குகள் அங்கேயே கிடக்கின்றன, அவற்றின் முகவரிதான் அந்த மைனஸ் எண்கள். ஒய் போட்டால் அவை காலி இடம் ஆகிவிடும், அடுத்து ஸ்கேன் செய்யும் சீட்டு அதன்மேல் உட்காரும். ஆபத்தில்லாத செய்தி என்று பெயர் வாங்கிய வரியில்தான் மீட்புக்கான விலாசம் இருந்தது. அதனால் ஐந்தாம் சுற்று முழுவதையும் தனியாகச் சேமித்தோம்.

இடையில் ஒரு விஷயம். கருவியின் மூலநிரலில் பிழைச் செய்திகள் எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பூட் நேரத்தில் ஆளைக் கேட்காமல் தானாகச் சரிசெய்யலாமா கூடாதா என்று ஒரு அடையாளம். பூட்டில் தானாக ஓடும்போது, அந்த அடையாளம் இல்லாத முதல் கோளாறில் நின்றுவிடும். அன்று மாலை பெரிய எழுத்தில் வந்த செய்திக்கு அர்த்தம் அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்பதல்ல. ஆக எது எளிது எது கடினம் என்று கருவி ஒரு கணக்கு வைத்திருக்கிறது, கையால் ஓட்டுகிறவருக்கு மட்டும் அதைக் காட்டுவதில்லை. போதாக்குறைக்கு அடுத்த எல்லாவற்றுக்கும் ஒய் என்று சொல்ல ஏ எழுத்தையும் கேள்விப் பக்கத்திலேயே நினைவூட்டுகிறது. அந்த அட்டவணையை மட்டும் நம்பினாலும் போதாது. மூன்றாம் வகைச் செய்தி தானாகவே சரிசெய்யப்படும் பட்டியலில்தான் இருக்கிறது. ஃபைல்சிஸ்டத்தின் பார்வையில் சுட்டும் இடத்தில் ஒன்றுமில்லாத பெயர் குப்பை. வியாபாரியின் பார்வையில் அது ஒரு தோட்டக்காரரின் கணக்கு.

பழுது பார்த்தது

முதலில் மைனஸ் எண்கள் காட்டிய பிளாக் தொடர்களை நகலில் இருந்து டிடி என்ற நகல் கருவி வைத்துத் தனித்தனியாக வெட்டி எடுத்தோம். ஸ்கேனர் பிடிஎஃப் கொடுப்பதால் ஒவ்வொரு ஃபைலும் அதற்கே உரிய தலைப்பு எழுத்துகளோடு தொடங்கும், எங்கே ஆரம்பம் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சிறிய ஃபைல்கள், டிஸ்கில் இடம் தாராளம், ஆகையால் பெரும்பாலும் தொடர்ச்சியாகவே கிடந்தன.

பிறகு இரண்டாவது நகலில், மாற்றத்தைத் திரும்பப் பெறும் ஃபைலை எழுதும்படி இசட் ஸ்விட்ச் கொடுத்து, இ2எஃப்எஸ்செக்கை ஒய்யோடு ஓட்டினோம். இப்போது ஒய் போட எந்தத் தயக்கமும் இல்லை, எடுக்க வேண்டியதை எடுத்தாகிவிட்டது. பூஜ்யம் நிறைந்த இடமாக மாறிவிட்டதால் படிக்க முடியவில்லை என்ற கேள்வி வரவே இல்லை. நான்காம் சுற்றில் ஒவ்வொரு அநாதை ஐநோடுக்கும் இரண்டு வரி: லாஸ்ட் பவுண்டில் இணைத்தேன், லிங்க் எண்ணிக்கை 2 இருக்கிறது 1 ஆகவேண்டும். முடிவு எண் 1, அதாவது பிழைகள் சரிசெய்யப்பட்டன. மறுபடி கட்டாயமாக ஓட்டி, 0 வரும்வரை விடவில்லை.

விளைவு

லாஸ்ட் பவுண்டில் நூறு சொச்சம் பிடிஎஃப்கள், # குறியும் ஐநோடு எண்ணும் மட்டுமே பெயர். உள்ளே சீட்டு தெளிவாக இருந்தது. கணக்கு எழுதுகிற அக்காவும் குடோன் தம்பியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, சீட்டில் இருக்கிற தேதியையும் லாட் எண்ணையும் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ஒரு மாலை வேலை. தேதி வரிசையில் ஒழுங்குபடுத்தும்போது ஃபைலின் திருத்த நேரம் கைகொடுத்தது, அது ஐநோடில் இருப்பதால் கெடவில்லை.

16இல் பெரும்பாலானவை முழுசாகக் கிடைத்தன. எந்தத் துண்டு எந்தப் பெயர் என்பதைச் சீட்டில் இருந்த எண்ணே சொல்லிவிட்டது, தாளில் எழுதிய பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வந்தோம். இரண்டு துண்டுபட்டிருந்தன. அதில் ஒன்று திறந்தது, ஆனால் மேல் பாதி மட்டும்: தேதி, தோட்டக்காரர் பெயர், 8 மில்லிமீட்டர் என்ற தரம், அதற்குக் கீழே எடை இருக்க வேண்டிய இடத்தில் இருந்து ஒரே சாம்பல். அந்த இரண்டுக்கும் எடை போடுகிற சேட்டன் கார்பன் நகல் வைத்திருந்தார். பட்டியல் இல்லாமல் இருந்தால் எந்த இரண்டைத் தேடுவது என்று அவரிடம் கேட்கவே முடிந்திருக்காது.

மாற்றியவை

யுபிஎஸ் பேட்டரி புதிது, கரண்ட் போனால் சர்வர் தானே அணைந்துகொள்ளும்படி கேபிளும் போட்டாயிற்று. ஒவ்வொரு இரவும் ஆர்சிங்க் என்ற நகல் கருவி மூலம் கம்பம் வீட்டில் உள்ள டிஸ்குக்கு நகல் போகிறது. ரெய்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டுவது) வேண்டுமா என்று முதலாளி கேட்டார், காசு ஒன்றுக்குத்தான் என்றால் பேக்கப்புக்குப் போடுங்கள் என்றோம். ஸ்மார்ட் 197, 198 (படிக்க முடியாத செக்டர்களின் எண்ணிக்கைகள்) மாறினால் மெயில் வரும். ஷேரில் சேமிக்க முடியவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்யாமல் போன் செய்வது என்று பேசி வைத்திருக்கிறோம், இதைக் கடைப்பிடிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

எங்கள் பக்கம், மீட்பு யுஎஸ்பியில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வைத்தோம். யார் ஓட்டினாலும் முதலில் -n ஸ்விட்சோடு ஓடி, வெளியீட்டை அந்த யுஎஸ்பியிலேயே சேமித்து, செய்திகளை மூன்றாகப் பிரித்துத் தமிழில் சொல்லும்: எண்ணிக்கை மட்டும் மாறும், பெயர் போகும், உள்ளடக்கம் போகும். "எர்ரர் ரீடிங்" என்ற வார்த்தை ஒரு தடவை வந்தாலும் மேற்கொண்டு போகாமல் நின்று, டிஸ்கைக் கழற்றச் சொல்லும். பார்ட்டிஷன் எண் இல்லாமல் டிஸ்க் பெயர் மட்டும் கொடுத்தால் ஓடவே ஓடாது. பெயர் போகும் வகையில் எது வந்தாலும் அந்த வரிகளும் பிட்மேப் மைனஸ் வரிகளும் தனி ஃபைலாகப் போகும்.

பழைய டிஸ்க் இன்னும் எங்களிடம் உறையில் இருக்கிறது, சீசன் முடிந்து கணக்குத் தீரும்வரை தூக்கிப் போடவேண்டாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஸ்கிரிப்ட்டில் ஒரு குறை பாக்கி: ஒரே பிளாக்கை இரண்டு ஃபைல்கள் சொந்தம் கொண்டாடும் செய்தியை அது இப்போதைக்கு உள்ளடக்கம் போகும் வகையில் போடுகிறது. க்ளோன் செய்தால் (ஆளுக்கொரு நகல் கொடுத்தால்) இரண்டு ஃபைலுமே திறக்கும், ஆனால் ஒன்றின் உள்ளே இருப்பது மற்றதன் டேட்டா. அதற்குத் தனி வகை வேண்டும், இன்னும் எழுதவில்லை.